மேல்வயிறு

முட்டவில்லை. ஒன்றரை லிட்டர் குடித்தாயிற்று, முட்டவில்லை. கலாமணி மூன்றாவது பாட்டிலின் மூடியைத் திருகிக் கையில் கொடுத்துவிட்டு போனைப் பார்க்கிறாள். "குடிங்கப்பா" என்கிறாள், முகத்தைத் தூக்காமலே. குடிக்கிறேன். தண்ணீர் இறங்குவது தொண்டைவரை தெரிகிறது, அதற்குக் கீழே தெரியவில்லை. எங்கே போகிறதோ. ஸ்கேன் அறைக்கு முன்னால் இரும்பு பெஞ்சு. ஏழு பேர். எல்லார் கையிலும் தண்ணீர் பாட்டில். எல்லாரும் மூத்திரப்பை நிறையட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம். டோக்கன் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு ஒன்பது. ஆனால் இந்த வாசலில் டோக்கனுக்கு மதிப்பில்லை, யாருக்கு முட்டுகிறதோ அவர் முதலில். நர்ஸ் பெண் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டுகிறாள். "யாருக்கு முட்டுது? கையத் தூக்குங்க." பள்ளிக்கூடம் மாதிரி. எழுபத்து மூன்று வயதில் இதற்குக் கை தூக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு கோபிக்காரம்மா, மூக்குத்தி, குண்டு உடம்பு, வந்ததிலிருந்து வாய் மூடவில்லை. "எனக்கு முட்டி அரைமணி நேரமாச்சு சாமி. இன்னொரு தும்மல் வந்துச்சுன்னா பெஞ்சை நீதான் கழுவோணும்" என்கிறாள். பெஞ்சே சிரிக்கிறது. அவளைக் கூட்டிப் போகிறார்கள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏனுங், உங்களுக்கு இன்னும் வர்லீங்களா? கோயல் தூணாட்ட உக்காந்திருக்கறீங்க" என்கிறாள். "வரும்" என்றேன். காலையிலிருந்து வெறும் வயிறு. பசி இல்லை. பசி போய் நாளாயிற்று. வேட்டியை முன்பெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகினால் நிற்கும். இப்போது இன்னொரு அரைச்சுற்று வேண்டியிருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை. வேட்டியின் சுற்றை யார் பார்ப்பார்கள்.

காலையில் டாக்டரிடம் கலாமணிதான் பேசினாள். அவள் எப்போதும் அப்படித்தான், ரேஷன் கடையிலும் பாங்கியிலும் எனக்குப் பதிலாக அவளே பேசிவிடுவாள், நானும் விட்டுவிடுவேன், பேச்சு மிச்சம். "கேஸ் ட்ரபிளுங்க டாக்டர், பத்து நாளாச் சரியாச் சாப்பிடறதில்லீங்க" என்றாள். பத்து நாள் என்பது அவளுக்குத் தெரிந்தது. டாக்டர் சின்னப் பெண், ஷெரின் என்று பலகையில் எழுதியிருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள். எங்கே வலி என்று என்னைக் கேட்டாள். நெஞ்சுக்குழிக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன். மேல்வயிறு. அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். "மேல்வயிறா? வயசானவங்க இங்க வலிக்குதுன்னு வந்தா நான் முதல்ல ஹார்ட்டத்தாம்மா பார்ப்பேன். அப்புறந்தான் வயிறு. நிறையப் பேரு கேஸுன்னு சோடா குடிச்சுட்டு வீட்லயே இருந்துடறாங்க." இதை அவள் கலாமணியைப் பார்த்துச் சொன்னாள். நான் சுவரைப் பார்த்தேன். அந்தப் பேச்சு எங்காவது பட்டிருக்க வேண்டும். படவில்லை. கம்பளி போர்த்தியவன் தோளை யாரோ தொட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். நெஞ்சில் ஈரமாக எதையோ தடவி ஒயர் ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். ஹார்ட் நன்றாக இருக்கிறதாம். நன்றாக இருக்கட்டும். பிறகு கேள்விகள். வலிக்கு மாத்திரை ஏதாவது வாங்கிச் சாப்பிடுகிறீர்களா? "முழங்கால் வலின்னு கண்டதையும் வாங்கி முழுங்கீட்டிருந்தாருங்க, போன தீவாளிக்கே எல்லாத்தையும் எடுத்துக் குப்பையில கொட்டீட்டனுங்க" என்றாள் கலாமணி. மலம் எப்படிப் போகிறது, நிறம் ஏதாவது மாறியிருக்கிறதா? "அதெல்லாம் மணி அடிச்சாப்பல காலையில போயிருவாருங்க" என்றாள் கலாமணி. டாக்டர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள். "ஐயா, நீங்க சொல்லுங்க." "போகுது" என்றேன். பொய் இல்லை. போகத்தான் போகிறது. படுக்கச் சொல்லி வயிற்றை அமுக்கினாள். விரல்கள் சில்லென்று இருந்தன. இங்கே வலிக்குதா? இல்லை. இங்கே? இல்லை. இங்கே? "இப்படி அமுக்குனா யாருக்கும் ஒரு மாதிரிதான் இருக்கும்" என்றேன். சிரித்துவிட்டாள். "பெரியவங்க வயிறே இப்படித்தான்மா. உள்ள என்ன நடந்தாலும் வெளிய ஒண்ணும் தெரியாது. இருபது வயசுப் பையனா இருந்தா இதுக்குள்ள ஊரைக் கூட்டியிருப்பான். ஸ்கேன் எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்." நான் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும்கூட வரவில்லை.

வலி என்று சொன்னால் அது வலிகூட இல்லை. அதுதான் கஷ்டம். குத்தாது, பிடுங்காது. ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தது போல இருக்கும். சாப்பிட்டால் கொஞ்சம் அடங்கும், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டு நேராகும். சுவரைப் பிடித்து நின்றால் சரியாகிவிடும். மாடிப்படியில் மூன்றாவது படியில் நிற்பேன், துணி காய்கிறதா என்று பார்ப்பது போல. இருபத்து இரண்டு நாளாகக் கறுப்பாகப் போகிறது. முதல் நாள் ராகிக்களி என்று நினைத்தேன். ராகி சாப்பிட்டால் கொஞ்சம் கறுக்கும். இரண்டாம் நாளும் ராகி. அப்புறம் ராகியை நிறுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. ராகிக் கறுப்பு வேறு. இது ரோட்டுக்கு ஊற்றும் தார். ஒட்டும், ஒரு கெட்ட நாற்றம் வேறு. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். கலாமணியின் பையன் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தபோது கதவைத் தட்டி, "அப்புச்சி, இத்தன தண்ணி எதுக்கு ஊத்தறீங்க, டேங்க் காலியாயிரும்" என்றான். "வாய மூட்றா" என்றேன். அவ்வளவுதான் அந்த வீட்டில் இதைப் பற்றி நடந்த பேச்சு. கலாமணி கொட்டியது பழைய மாத்திரை. அவள் கொட்டியதற்கு மறுநாளே நடந்து போய் வாங்கிவிட்டேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக்கடை. சீட்டெல்லாம் வேண்டாம். "முட்டிக்கு ஒரு செட்டு" என்றால் போதும். கடைக்காரன் அட்டையைக் கத்தரித்து வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று என்று காகிதக் கவரில் போட்டுத் தருவான். பேர் கிடையாது. எங்கள் ஊரில் பாதிப்பேர் செட்டில்தான் நடக்கிறார்கள். தறிக்காரன், மேஸ்திரி, மில்லுக்குப் போகும் பெண்கள். காலையில் ஒரு செட்டு வெறும் காப்பியில், சாயங்காலம் ஒரு செட்டு. முட்டி வலி போகும். மற்றதும் போகும். எல்லாமே கொஞ்சம் தள்ளிப் போய்விடும். அது பிடித்திருந்தது. முட்டிக்காக மட்டும் சாப்பிட்டேன் என்று சொல்ல முடியாது.

கதவு திறந்தது. "யாருக்கு முட்டுது?" கையைத் தூக்கிவிட்டேன். முட்டவில்லை, ஆனால் பெஞ்சில் உட்கார முடியவில்லை, நினைப்பு அந்தப் பக்கமே போகிறது. கலாமணி, "நெசமாலுமாப்பா?" என்றாள். "ம்." உள்ளே குளிர். இருட்டு. படுக்கச் சொன்னார்கள். வேட்டியை இறக்கச் சொன்னார்கள். ஜெல்லை ஊற்றினார்கள், ஐஸ். ஸ்கேன் டாக்டர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, திரையைப் பார்த்துக்கொண்டு அடிவயிற்றில் மெஷின் கட்டையை ஓட்டினான். நின்றான். "முட்டுதுன்னா சொன்னீங்க?" "ஆமா." "பாதிகூட ரொம்பலையே. பொய் சொன்னா மெஷினுக்குத் தெரிஞ்சிடும் தாத்தா." நர்ஸ் பெண் துண்டுக் காகிதம் கொடுத்து, "தொடச்சுட்டு வெளிய போங்க, இன்னும் ரெண்டு பாட்டில் குடிங்க" என்றாள். வெளியே வந்ததும், ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்த கோபிக்காரம்மா, "என்னங்க, பெயிலாயிட்டீங்களா?" என்றாள். பெஞ்சு மறுபடி சிரித்தது. கலாமணியும் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. கோபமும் தண்ணீர் மாதிரியே, தொண்டைக்குக் கீழே தெரியவில்லை. பாட்டிலை வாங்கிக் குடித்தேன்.

முப்பத்தொரு வருஷம். பெருந்துறை ரோட்டில் துணிக்குச் சாயம் ஏற்றும் ஆலை, அதில் பாய்லர் ஆள். விறகு போட்டு நீராவி எடுப்பது. பாய்லரின் முகத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று அதில்தான் தெரியும். புதிதாக வருகிற ஆள் தண்ணீர் பாதிக்கு மேலே நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பான். நான் அது ஆடுகிறதா என்று பார்ப்பேன். கொதிக்கிற தண்ணீர் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடாமல் அசையாமல் அழகாக நின்றால் குழாய் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். கண்ணாடியில் தண்ணீர் இருக்கும், உள்ளே இருக்காது. உடனே குழாயின் அடியில் இருக்கும் திருகைத் திறந்துவிட்டுப் பார்க்க வேண்டும். மணிக்கு ஒருதரம் திறந்துவிட்டுப் பார்ப்பேன். மேனேஜர்கூட, "சென்னியப்பா, இத்தன தடவ திறந்தா ஆவி வீணாப் போகுதுய்யா" என்றிருக்கிறான். "பாய்லர் போனா நீங்களும் போவீங்க, பரவாயில்லீங்களா?" என்றேன். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவைகூட விட்டதில்லை. வீட்டில் விட்டேன். ரிட்டயராகி அஞ்சாம் வருஷம், ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும், மோட்டாரைப் பிரித்துப் போட்டு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி பாவாத்தாள் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏனுங், இந்த மேல்வயித்துல ஒரு மாதிரி பண்ணுதுங்க." "கேஸா இருக்கும். பெருங்காயத்தக் கரச்சுக் குடி." குடித்தாள். வாஷர் சரியாக உட்காரவில்லை. கால்மணி கழித்து மறுபடி வந்தாள். "இன்னும் அப்படியேதானுங்க இருக்குது. வேர்க்குதுங்க." "சித்திரையில வேர்க்காம என்ன பண்ணும். ஓமவாட்டர் இருக்குது பாரு." அவள் முகத்தைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. வாஷரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. மேலே எதுவும் ஆடவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள், "செத்த படுக்கறனுங்க" என்றாள். "படு" என்றேன். மோட்டார் ஓடியது. தண்ணீர் வந்தது. கையைக் கழுவிக்கொண்டு, காப்பி போடு என்று சொல்ல உள்ளே போனேன். அவள் எழுந்திருக்கவில்லை. ஹார்ட் என்று டாக்டர் சொன்னார். பொம்பளைகளுக்கும் வயசானவங்களுக்கும் சில சமயம் நெஞ்சே வலிக்காதுங்க, வயித்துலதான் வரும் என்றார். கலாமணி மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். வண்டி எடுத்தால் ரெண்டு நிமிஷம். ஓடி வந்தவள், "அம்மா ஒண்ணுமே சொல்லலியாப்பா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். ஆறு வருஷமாக அந்த இல்லைதான் எங்கள் வீட்டில் இருக்கிறது. சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைச் சொன்னார்கள், மகராசி, யாருக்கும் தொந்தரவு குடுக்காம, வாயே தொறக்காமப் போயிட்டா. கலாமணி இன்றைக்கும் சொல்கிறாள். வருஷா வருஷம் படையல் போடும்போது சொல்கிறாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு வயிறு வலிக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும் வாய் இல்லை. வேண்டுமென்று முடிவு பண்ணியதும் இல்லை. இருபத்து இரண்டு நாள் முன்னால் கறுப்பைப் பார்த்தபோதுகூடப் பயம் வரவில்லை. சரி என்று தோன்றியது. இன்னும் இரண்டு வாளி ஊற்றினேன்.

இப்போது முட்டியது. ஒரேயடியாக. கையைத் தூக்காமலே எழுந்து கதவைத் தட்டினேன். ஸ்கேன் டாக்டர் கட்டையை ஓட்டினான், ஓட்டினான், வலது விலாவுக்குக் கீழே நிறுத்தி மூச்சை இழுத்துப் பிடிங்க என்றான். பிடித்தேன். "பித்தப்பையில ஒரு கல்லு இருக்கு. ஒன்பது மில்லிமீட்டர்." வேறு ஒன்றும் இல்லை என்றான். கழிவறைக்குப் போய்விட்டு வந்தேன், அதற்குள் கலாமணி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள், அவள் வீட்டுக்காரரோடு. "கல்லாமுங்க. ஆமாங்க, பித்தப்பையில. இல்லீங்க, வேற எதுவும் கெட்டதா இல்லியாம், நானு என்னென்னமோ நெனச்சுட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லீங்க எனக்கு." அவள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், முகமே வேறாக இருந்தது. அவளுக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. "கல்லுதானாம்ப்பா. கோபிக்காரம்மாளுக்கும் கல்லுதானாம்." கோபிக்காரம்மா அங்கிருந்தே, "வாங்க சம்பந்தி, ரெண்டு பேரும் சேந்து வீடு கட்டலாம்" என்றாள். கலாமணி அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாயிற்று. கேண்டீனில் இட்லி வாங்கிக் கொடுத்தாள். அவள் கையாலேயே பிட்டுச் சாம்பாரில் போட்டாள். சாப்பிட்டேன். செங்கல் கொஞ்சம் நகர்ந்தது. கல் என்பது நல்ல சொல். கையில் கொடுக்கலாம், வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். எல்லாருக்கும் நிம்மதி. கேஸ் என்பதும் நல்ல சொல்தான். அதையும் இப்படித்தான் கொடுத்தேன். குழாயில் தண்ணீர் நிற்கிறது, பாதிக்கு மேலே, அழகாக. இவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கோ அடுத்த வாரமோ மூன்றாவது படியில் விழுந்து கிடப்பேன், இவள் ஓடி வருவாள், மூன்று தெரு, ரெண்டு நிமிஷம். அப்பா ஒண்ணுமே சொல்லலியே என்று இன்னொரு தடவை ஊரைக் கேட்பாள். ஊர் அதே பதிலைச் சொல்லும். மகராசன், வாயே தொறக்காமப் போயிட்டான். இட்லியை மென்றுகொண்டே இருந்தேன். விழுங்க மறந்துவிட்டது. "என்னப்பா, வாந்தி வருதா?" என்றாள். "இல்ல." அந்த இல்லையும் பழைய இல்லை மாதிரியே கேட்டது, எனக்கே.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினாள். உதட்டைப் பிதுக்கினாள். "கல்லு இருக்கு. ஆனா இந்த வயசுல பல பேருக்கு இருக்கும்மா, வருஷக்கணக்காச் சும்மா கிடக்கும். இந்த வலிக்கு இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. வேற ஒண்ணும் தெரியல. வலிக்கு அஞ்சு நாள் மாத்திரை எழுதறேன். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். குறையலன்னா அடுத்த வாரம் வாங்க, மேல பார்க்கலாம்." எழுத ஆரம்பித்தாள். கலாமணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். பேனா ஓடுகிறது. ஒரு வரி. இரண்டாவது வரி. நான் எழுந்திருக்கவில்லை. வாய் வறண்டிருந்தது, அத்தனை தண்ணீர் குடித்தும். "கறுப்பாப் போகுது" என்றேன். பேனா நின்றது. "என்னங்கையா?" "வெளிக்கு. தாராட்டம். இருவத்திரெண்டு நாளாச்சு." கலாமணி, "ராகி சாப்பிடறாருங்க டாக்டர், அதுனால..." என்றாள். "ராகி இல்ல. ராகிய விட்டுப் பாத்தாச்சு" என்றேன். "செட்டு மாத்திரையும் திங்கறேன். தெனம் ரெண்டு செட்டு. ஒரு வருசமா. எந்திரிச்சாத் தல சுத்துது." அவ்வளவுதான். ஒரே மூச்சில் வந்துவிட்டது. டாக்டர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள், என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், நாடியைப் பிடித்தாள், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். முன்பு சிரித்த முகம் இல்லை. எழுதிய சீட்டை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். "வயித்துல புண்ணாகி ரத்தம் கசியுதுன்னு நினைக்கிறேன். உள்ள செரிச்ச ரத்தந்தான் கறுப்பா வரும். அந்த மாத்திரைதான் புண்ணு ஆக்கும், அதேதான் வலியையும் மறைக்கும். இதுக்கு மேல நானும் ஒரு வலி மாத்திரை குடுத்திருந்தா..." போனை எடுத்து, ரத்த குரூப் பார்க்கணும், டிரிப் போடணும், வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க இன்றைக்கே ஏற்பாடு பண்ணுங்க, எழுபத்து மூணு வயசு, நடக்க விடாதீங்க என்றாள். என்னிடம், "இனிமே அந்தச் செட்டுல ஒண்ணுகூட வாயில போடக் கூடாது" என்றாள். "காலையிலயே கேட்டேனே ஐயா."

நடையில் சக்கர நாற்காலிக்காக நின்றோம். என்னை ஸ்டூலில் உட்காரவைத்திருந்தார்கள். கலாமணி சுவரில் சாய்ந்து நின்றாள், பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "காலையில அவங்க கேட்டப்ப ஏம்ப்பா சொல்லல?" "நீதான பதில் சொன்னே." சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கை கழுவும் முறை, ஆறு படம். நானும் பார்த்தேன். பிறகு மெதுவாக, என்னிடம் இல்லை, அந்தப் படத்திடம் சொல்வது போலச் சொன்னாள். "அம்மாளும் இப்படித்தான். ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டா. ரெண்டு பேரும் ஒரே மாதிரி." மேல்வயிற்றில் ஏதோ பிடித்தது. கடைசிச் செட்டைப் போட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் வலி இப்படி வருமா தெரியவில்லை. வலித்தது. நன்றாகத் தெரிந்தது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று. இங்கேதான் அவள் கை வைத்துக்கொண்டு நின்றாள், நிலையைப் பிடித்துக்கொண்டு. "உங்கம்மா சொன்னா" என்றேன். கலாமணி திரும்பினாள். "என்னப்பா?" "சொன்னா. ரெண்டு தரம் வந்து சொன்னா. மேல்வயித்துல என்னமோ பண்ணுது, வேர்க்குதுன்னு. நாந்தான் கேஸுன்னேன். நாந்தான் படுன்னேன்." அவள் என்னையே பார்த்தாள். நான் இந்தத் தடவை முகத்தைப் பார்த்தேன், வேறு எங்கும் பார்க்கவில்லை. அதில் என்ன நடக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. சக்கர நாற்காலி வந்தது. கொண்டு வந்தவன், "ஏறுங்க ஐயா" என்றான். "நடந்தே வர்றேன்" என்றேன் பழக்கத்தில். "உக்காருங்க" என்றாள் கலாமணி. உட்கார்ந்தேன். அவள் அந்த ஆளை விலகச் சொன்னாள். நாற்காலி நகர்ந்தது. பின்னால் அவள் மூச்சு கேட்டது. நேராக விட்டாள், கதவுகளில் இடிக்காமல், நிற்காமல். லிஃப்ட் வந்தது. உள்ளே போனதும் கதவு மூடியது. "இப்ப எங்க வலிக்குது, சொல்லுங்க" என்றாள்.